குதிகாலா, முன்பாதமா? ஓடுகிறவர்களுக்கு எது பாதுகாப்பு

வாய்க்கால்கரை (ஈரோடு):
புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் முன்பாதம் ஊன்றித்தான் ஓட வேண்டும் என்று எங்கள் குழுவில் அறிவிப்புப் போட்டிருக்கிறேன். அதைக் கேள்வி கேட்கிறார்கள். காலிங்கராயன் வாய்க்கால் கரையில் காலையில் நின்று பாருங்கள், பெரும்பாலோர் குதிகாலை முன்னே நீட்டி ஊன்றுகிறார்கள். அப்புறம் முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். குதிகால் தரையில் படும்போது எழும் அந்த முதல் அதிர்ச்சி, வெறுங்காலில் முன்பாதம் ஊன்றுகிறவர்களிடம் ஏறக்குறைய இல்லை என்று 2010-இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு அளந்து காட்டியது. 2012-இல் அங்கேயே கல்லூரி அணி ஓட்டக்காரர்கள் 52 பேரை ஆராய்ந்தார்கள். குதிகால் ஊன்றுகிறவர்களுக்கு, மீண்டும் மீண்டும் விழும் சுமையால் வரும் காயங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேறென்ன சான்று வேண்டும்?

பேரூர் பிசியோ:
அண்ணா, அந்த 52 பேரும் ஏற்கெனவே அவரவர் பாணியில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். பாணியை மாற்றினால் காயம் குறையும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதன் பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும் பாதம் ஊன்றும் விதத்துக்கும் காயத்துக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. முன்பாதம் ஊன்றினால் சுமை மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலுக்குக் குறைவது கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும், பாத எலும்புகளுக்கும் போய்ச் சேருகிறது. வீடியோ பார்த்து ஒரே வாரத்தில் பாணியை மாற்றிக்கொண்டு, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

காங்கேயத்தான்:
எங்கள் அப்பிச்சி வாழ்நாள் முழுக்கச் செருப்பில்லாமல் காடு மேடெல்லாம் ஓடியவர். வெறுங்கால்தான் இயற்கை. குதிகால் ஓட்டம் ஷூ கம்பெனிகள் கொடுத்தது.

பேரூர் பிசியோ:
கென்யாவின் வடக்கே செருப்பில்லாமலே வளர்ந்த தாசனாச் மக்களை 2013-இல் ஆராய்ந்தார்கள். தங்களுக்கு இயல்பான வேகத்தில் ஓடியபோது பெரும்பாலோர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். வேகம் கூடியபோதுதான் பலர் மாறினார்கள். எனவே எது இயற்கை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வில், விரல் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறியவர்கள் 19 பேர். அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்கோப்பு கூடியிருந்தது. நுண்கீறலுக்கு முன்னால் வரும் நிலை அது. நம் ஊரில் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களை வெறுங்காலில் ஓடச் சொல்லாதீர்கள். முள் குத்தினாலும் தெரியாது.

திருப்பூர் அக்கா:
எனக்கு முழங்காலின் முன்பக்கம் வலி இருந்தது. பாதம் ஊன்றும் விதத்தை நான் தொடவே இல்லை. எட்டு வைக்கும் தூரத்தைக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளைக் கொஞ்சம் கூட்டினேன். வலி தணிந்தது.

வாய்க்கால்கரை:
நான் சொல்வதும் அதுதானே அம்மிணி! எட்டு குறுகினால் பாதம் உடம்புக்குக் கீழே வந்துவிடும், குதிகால் அவ்வளவு முன்னே போய் இடிக்காது.

பேரூர் பிசியோ:
இல்லை அண்ணா, அது வேறு. அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே இடுப்பிலும் முழங்காலிலும் சுமை குறைகிறது என்று 2011-இல் அளந்திருக்கிறார்கள். குதிகால் ஊன்றுகிறவர் குதிகாலிலேயே இருந்துகொண்டு இதைச் செய்யலாம். முன்பக்க முழங்கால் வலி விடாமல் இருக்கும் ஒருவருக்கு, பல வாரங்கள் எடுத்து மெதுவாக முன்பாதத்துக்கு மாறுவது உதவக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. வலியே இல்லாதவரை எதற்கு மாற்ற வேண்டும்? ஏற்கெனவே குதிநாண் வலி உள்ளவரை மாற்றினால் என்ன ஆகும்? தூரத்தைத் திடீரென்று கூட்டாமல் இருக்கக் கற்றுக்கொடுங்கள், கெண்டைக்காலுக்கு வலுவூட்டும் பயிற்சி கொடுங்கள். அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள்.

வாய்க்கால்கரை:
எடுக்க மாட்டேன். "எல்லாரும்" என்பதை நீக்கிவிட்டு "முழங்கால் வலி உள்ளவர்கள், மெதுவாக" என்று திருத்துகிறேன். சர்க்கரை நோய் பற்றி நீங்கள் எழுதியதை அதற்குக் கீழே அப்படியே சேர்க்கிறேன். ஆனால் குதிகாலை நீட்டி இடித்து ஓடுகிறவரைக் கண்டால் நிறுத்திச் சொல்லத்தான் செய்வேன்.