ஓய்வு பெற்ற போதகருக்கு இன்னும் என்ன பயிற்சி?

கிளமெண்ட்: எங்கள் பழைய போதகர் ஓய்வு பெற்ற கையோடு ஆன்மீக வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். ஒருவருடைய ஜெப வாழ்க்கையைத் தனியாக உட்கார்ந்து கேட்டுத் துணை நிற்கிற வேலை அது, இரண்டு வருடப் படிப்பாம். காலமெல்லாம் பிரசங்கம் செய்தவர், மரணப் படுக்கையில் எத்தனையோ பேர் கையைப் பிடித்து ஜெபித்தவர். அவருக்கு இந்த வயதில் யார் என்ன சொல்லித் தரப் போகிறார்கள்? அனுபவத்தைவிடவா சான்றிதழ் பெரிசு?

மெர்சி_ஆர்: அந்த அனுபவமே குறுக்கே நிற்கும் பிரதர். ஒருவர் வந்து உட்கார்ந்து ‘ஜெபிக்கவே முடியவில்லை, உள்ளே வறண்டு கிடக்கிறது’ என்கிறார். போதகர் கை தானாகப் பைபிளில் சங்கீதத்தைப் புரட்டும். வழிகாட்டியோ ‘எப்போதிலிருந்து?’ என்று கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தாலும் தானும் சும்மா இருக்க வேண்டும். அதைப் பழகத்தான் பயிற்சி. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தன் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் 15-வது முன்குறிப்பில் சொல்வதும் இதைத்தான்: பயிற்சி கொடுப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் நின்று, படைத்தவர் அந்த ஆத்துமாவோடு நேரடியாக இடைபட விட வேண்டும்.

கிளமெண்ட்: அந்த இஞ்ஞாசியாரிடம் என்ன சான்றிதழ் இருந்தது? குருப்பட்டம் வாங்கியதே 1537-ல். அதற்குப் பல வருடம் முன்பே வழிகாட்ட ஆரம்பித்துவிட்டார்.

மெர்சி_ஆர்: சரி, அதற்காக ஸ்பெயினில் அல்காலா நகரில் பிடித்துச் சிறையில் போட்டு, படித்துவிட்டு வந்து பேசு என்றார்களே, அதையும் சொல்லுங்கள். அப்புறம் போய்ப் படித்தாரா இல்லையா?

தோமா77: எனக்குப் படிப்பு பிரச்சினையே இல்லை. ‘தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே’ என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்லியாயிற்று. நடுவில் இன்னொருவர் எதற்கு?

மெர்சி_ஆர்: வழிகாட்டி என்ன பாவமன்னிப்பா கொடுக்கிறார்? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு விதி எழுதினாரே, வாரந்தோறும் கூடி அவரவர் ஆத்துமாவின் நிலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று. அவர் கத்தோலிக்கர் இல்லையே!

தோமா77: அங்கே எல்லாரும் எல்லாரிடமும் சொன்னார்கள். இங்கே ஒருவர் மனதைத் திறந்து கொட்ட, மற்றவர் தன்னைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அதுவும் நேற்றுவரை பிரசங்க பீடத்தில் நின்றவர் என்றால், அவர் வாயே திறக்காவிட்டாலும் முகம் சுளித்தது போதும், வந்தவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஓய்வில்_ஒருவன்: தோமா தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் போதகராக இருந்து இந்தப் பக்கம் வந்தவன். பயிற்சியில் ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும், வந்தவர் அடையாளம் தெரியாதபடி, நினைவிலிருந்து பேச்சை வரிக்கு வரி எழுதி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். அவர் வந்தவரைப் பற்றிக் கேட்கவே மாட்டார். ‘இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டீர்கள், உங்களுக்குள் என்ன ஓடியது?’ என்பார். ஊழியத்தில் இருந்தவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் பழைய சபையார் யாருக்கும் நான் வழிகாட்டியாக இருப்பதில்லை. அங்கே இப்போது வேறு போதகர் இருக்கிறார், அவருக்கு நான் இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

கிளமெண்ட்: அப்படியானால் எங்கள் ஐயாவிடம் நாங்களே போக முடியாதா? இது என்ன நியாயம்!

ஓய்வில்_ஒருவன்: காபி குடிக்கப் போங்கள், யார் வேண்டாம் என்றது?

தோமா77: கட்டணம் வாங்குகிறீர்களா ஐயா?

ஓய்வில்_ஒருவன்: இல்லை, ஓய்வூதியம் போதும். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

தோமா77: நான் சொல்வேன்.