காரை விற்பதும் காதலா?

நள்ளிரவு வாசகி கேட்டது:
'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். படுக்கையறைக் காட்சிகளை எதிர்பார்த்தே கையில் எடுத்ததால் அவை என்னை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. மதுக்கூடத்திலிருந்து போதையில் அழைக்கும் நாயகி அனஸ்டேசியா தான் எங்கிருக்கிறாள் என்று சொல்லாதபோதும், நாயகன் கிறிஸ்டியன் அவளுடைய கைபேசியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து வந்து நிற்கிறான். பின்னர் அவளைக் கேட்காமலேயே அவளுடைய பழைய பீட்டில் காரை விற்க ஏற்பாடு செய்துவிட்டு, புதிய ஆடி கார் ஒன்றின் சாவியை நீட்டுகிறான். இதைக் காதல் என்று எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

ஆற்றங்கரை:
இந்த நாவல் 'ட்விலைட்' கதைக்கு எழுதப்பட்ட ரசிகர் புனைவாக இணையத்தில் தொடங்கி, 2011இல் நூலானது. மூலக்கதையில் நாயகி தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பவன் ரத்தக்காட்டேரி. இங்கே காட்டேரி போய்க் கோடீஸ்வரன் வந்திருக்கிறான், வேவு பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எமி பொனோமியும் அவருடைய சகஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பின்தொடர்தல், மிரட்டல், தனிமைப்படுத்துதல் ஆகியவற்றை இந்நாவலில் அடையாளம் கண்டு, இதைத் துணைவர் வன்முறை என்றே வகைப்படுத்தியது.

மூன்றாம் பக்கம்:
ஆய்வை மறுக்கவில்லை. ஆனால், கொலைக்கதை படிப்பவரிடம் யாரும் இப்படி விளக்கம் கேட்பதில்லையே! தன் வாழ்க்கையில் ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளாத ஒன்றைக் கற்பனையில் ரசிக்கும் உரிமை பெண் வாசகருக்கும் உண்டு. பத்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல் வரிசையின் வாசகிகள் அனைவரும் ஏமாளிகள் என்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

கயிறும் முடிச்சும்:
கட்டுப்படுதலையும் வலியையும் விருப்பத்தோடு நாடுபவர்கள் நடைமுறையில் முதலில் பேசுவது எல்லைகளைப் பற்றித்தான். நிறுத்தச் சொல்வதற்கென ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வார்கள். நாவலிலும் அந்தச் சொல் உண்டு, ஒப்பந்தமும் உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தம் அவள் எத்தனை மணிநேரம் தூங்க வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்பது வரை நீள்கிறது. இரண்டாம் பாகத்தில் அவள் வேலை பார்க்கும் பதிப்பகத்தையே அவன் வாங்கிவிடுகிறான். சவுக்கைவிட எனக்கு அச்சமூட்டுவது இதுதான், ஏனெனில் அலுவலகத்தில் இருப்பவள் எந்தச் சொல்லைச் சொல்லி அவனை நிறுத்துவாள்?

நள்ளிரவு வாசகி:
மூன்றாம் பக்கம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், ஏனெனில் நானும் கடைசிப் பக்கம் வரை கீழே வைக்காமல் படித்தவள்தான். ஆனால் கொலைக்கதையில் கொலைகாரன் மாப்பிள்ளையாக முடிவதில்லை. அனஸ்டேசியா பெல்ட் அடி வாங்கிய பின் அழுதுகொண்டே வெளியேறும் இடத்தில் முதல் பாகம் முடிகிறது. அங்கேயே கதை நின்றிருந்தால் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.