ஒருமுறை கொடுத்த நன்கொடை, மாதாமாதம் போகிறது

பண்டிகை நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு வழியாக, குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு டெபிட் கார்டில் நன்கொடை கொடுத்தேன். போன மாதம் 24ஆம் தேதி. இந்த மாதமும் 24ஆம் தேதி அதே தொகை போயிருக்கிறது. திரும்பப் போய்ப் பார்த்தால், படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மாதந்தோறும்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக்! பெயரும் பிரபல அறக்கட்டளையின் பெயர்தான், ஒரே ஒரு எழுத்து கூடுதல். அவசரத்தில் கண்ணில் படவில்லை.

ரசீதில் பதிவு எண் இல்லை. அந்த நன்கொடைப் பக்கத்தில் இருந்த படத்தை கூகுளில் தேடினேன். பழைய செய்திப் படம். மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது, போன் எடுப்பதில்லை. வங்கியில் சொல்லி கார்டை முடக்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, புது கார்டு வந்தாலும், மாதாமாதம் பணம் எடுக்கக் கொடுத்த பழைய ஒப்புதல் சில சமயம் அதற்கு மாறிவிடுமாம்.

அந்த மாதப் பிடித்தத்தை அடியோடு ரத்து செய்ய வங்கியிடம் சரியாக என்னவென்று எழுதிக் கேட்க வேண்டும்?