திரிகூட மலையில் மூன்று கற்கள்

ஈசூன்வாசி எழுதியது:

ஜம்மு பக்கம் திரிகூட மலையில் இருக்கும் வைஷ்ணோ தேவி குகைக் கோயிலுக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் ஏற்றம், குதிரை, ஹெலிகாப்டர் என்றுதான் பேச்சு போகும். குகைக்குள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "நல்ல தரிசனம்" என்பதோடு சரி. அதனால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அம்மா, மனைவி, மகனோடு போனேன். டெல்லி வரை விமானம், அங்கிருந்து மலையடிவார ஊரான கட்ராவுக்கு வந்தே பாரத் ரயில். கட்ராவில் இலவசமாக ஓர் அட்டை தருகிறார்கள். அது கழுத்தில் இருந்தால்தான் மேலே விடுவார்கள். கோயில் சுமார் 5,200 அடி உயரத்தில், ஊரிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் சிங்கப்பூரின் 163 மீட்டர் புக்கித் தீமா குன்றில் ஏறி இறங்கிவிட்டுத் தயார் என்று நினைக்காதீர்கள். லிஃப்டை மறந்துவிட்டு புளோக் மாடிப்படியில் பழகுங்கள், முக்கியமாக இறங்கிப் பழகுங்கள். முட்டி சொல்லும் சேதி இறக்கத்தில்தான் தெரியும்.

அம்மா குதிரையில் ஏற மறுத்துவிட்டார். "என்னைத் தூக்கிட்டுப் போனா புண்ணியம் அதுக்குல்ல சேரும்!" சரி என்று பாதி வழியில் இருக்கும் அர்த்குவாரி வரை நடந்து, அங்கிருந்து பேட்டரி வண்டியில் போனோம். தன்னைத் துரத்தி வந்த பைரவனிடமிருந்து மறைந்து தேவி ஒன்பது மாதம் தவமிருந்ததாகச் சொல்லும் குறுகிய குகை அங்கேதான் இருக்கிறது. வரிசையைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்தே கும்பிட்டோம்.

மேலே கைப்பேசி, தோல் பெல்ட் எல்லாம் லாக்கரில் வைத்துவிட வேண்டும். வரிசை மெல்ல நகர்ந்து ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைகிறது. அதன் முடிவில் சிலை கிடையாது. ஒரே பாறையில் மூன்று முனைகள்: மகாகாளி, மகாலட்சுமி, மகாசரஸ்வதி. பூசாரி கையால் காட்டுகிறார்; நாம் குனிந்து பார்ப்பதற்குள் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். நிமிடக் கணக்கெல்லாம் இல்லை, நொடிக் கணக்குதான்.

என் மகன் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைப் பார்த்து வளர்ந்தவன். அம்மன் என்றால் அவனுக்குக் கண், கை, ஆயுதம், பட்டுப்புடவை எல்லாம் இருக்க வேண்டும். வெளியே வந்ததும், "பாட்டி, அம்மன் எங்க?" என்றான். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நம்மூர் ஏரிக்கரையில கன்னிமாருன்னு ஏழு கல்லு நட்டு மஞ்சள் பூசியிருக்கும்டா. அந்த ஏழு பேர்ல ஒருத்தி வைஷ்ணவி. அவளைத்தான் இப்பப் பார்த்துட்டு வர்றே." இத்தனை வருடமாக நவராத்திரிக்குக் கோயில் கோயிலாகப் போய்வரும் எனக்கு இது தோன்றவே இல்லை.

அங்கே சொல்லும் தலவரலாறும் தெற்கில்தான் தொடங்குகிறது. ரத்னாகரர் என்பவருக்கு மகளாகத் தென்னாட்டில் பிறந்தவளாம். கடற்கரையில் தவமிருந்தபோது, சீதையைத் தேடி அந்த வழியாக வந்த ராமனையே கணவனாக வேண்டினாள். இந்தப் பிறவியில் சீதைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், கலியுகத்தில் கல்கியாக வருகிறேன் என்று சொல்லி அவளை வடக்கே திரிகூட மலைக்கு அனுப்பினான். துணைக்கு வில், அம்பு, ஒரு சிங்கம், கொஞ்சம் குரங்குப் படை. பாதையெல்லாம் பையைப் பிடுங்கும் குரங்குகளைப் பார்த்தால் அந்தப் படை இன்னும் கலையவில்லை போலிருக்கிறது.

கதையைக் கேட்ட பிறகு அம்மாவுக்கு ஒரே குறை. "நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா தேக்கா மார்க்கெட்டுல வளையலும் மஞ்சளும் வாங்கி வந்திருப்பேனே. பொறந்த வீட்டுச் சீர் இல்லாமயா வர்றது?" அங்கே கிடைக்கும் ராஜ்மா என்ற சிவப்பு பீன்ஸ் குழம்பைப் பற்றி வேறு புலம்பினார், அது தனிக் கதை. கட்ராவில் பெரும்பாலும் வெங்காயம், பூண்டு இல்லாத சமையல்தான். ஊறுகாய் எடுத்துப் போங்கள்.

பீஷான் அக்கா எழுதியது:

உங்கள் அம்மா சொன்னது சரிதான் தம்பி. நாங்கள் ஜனவரியில் போனோம். குளிர் காலத்தில் கூட்டம் குறைந்தால் பழைய குகையைத் திறப்பார்கள். எங்களுக்கு அது கிடைத்தது. குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து, தண்ணீரில் கால் வைத்துப் போக வேண்டும். செருப்பில்லாமல் அந்தத் தண்ணீரில் நின்றபோது என் வீட்டுக்காரர் எல்லாத் தெய்வத்தையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார்! மூச்சிரைப்பு உள்ளவர்களும், அடைத்த இடத்தில் பயப்படுபவர்களும் புதிய வழியிலேயே போகலாம், அதனால் தரிசனம் குறைந்துவிடாது.

பைரவர் கோயிலை விட்டுவிடாதீர்கள். தேவி வெட்டிய பைரவனின் தலை போய் விழுந்த இடம் அது. அவனையும் பார்த்தால்தான் யாத்திரை முழுமை என்று வெட்டியவளே வரம் கொடுத்தாளாம். 2018 டிசம்பரிலிருந்து ரோப்வே ஓடுகிறது, நடக்கத் தேவையில்லை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் அர்த்குவாரி அருகே மழையில் மலை சரிந்து 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த மாதங்களில் கிளம்பாதீர்கள்.