டெண்டர் தேடின அனுபவம்: நான் ஒரு பேரில் தேட, அவர்கள் வேறு பேரில் போட…

அலுவலக நாற்காலி, மேசை பழுது பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. மொத்தமே நாலு பேர். எட்டு மாதமாகத் தினமும் காலையில் அரசுக் கொள்முதல் தளத்தைத் திறந்து "நாற்காலி பழுது" என்று தட்டுவேன். ஒன்றும் வராது. அரசாங்கத்தில் நாற்காலியே உடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் புது அறிவிப்பை விட்டுவிட்டு, முடிந்துபோன டெண்டர்கள் யாருக்குப் போயின என்ற பட்டியலைப் புரட்டினேன். எல்லாம் அங்கேதான் கிடந்தது. நான் "பழுது" என்பதை அவர்கள் "தளவாடப் பராமரிப்புச் சேவை" என்கிறார்கள். பாதி வேலை, கட்டடப் பராமரிப்பு டெண்டருக்குள் ஒற்றை வரியாக ஒளிந்திருக்கிறது.

அன்றிலிருந்து சொல்லோடு வகைப்பாட்டு எண்ணையும் போட்டுத் தேடுகிறேன். யு.என்.எஸ்.பி.எஸ்.சி. (UNSPSC) என்ற உலகப் பொது வகைப்பாட்டு முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் சேவைக்கும் 8 இலக்க எண் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே வேலைக்கு சி.பி.வி. (CPV) என்ற முறை. உங்கள் அரசு எதை வைத்திருக்கிறது என்று பாருங்கள். எட்டு இலக்கத்தையும் போடாமல் முதல் 4 இலக்கத்தோடு நிறுத்துங்கள். அறிவிப்பு போடுகிறவர் அவசரத்தில் பக்கத்து எண்ணைப் போட்டிருப்பார்.

அந்தப் பழைய பட்டியலில்தான் என் முதல் வேலையும் கிடைத்தது. மூன்று வருட அனுபவம் கேட்டார்கள், என்னிடம் இல்லை. டெண்டர் எடுத்த பெரிய ஒப்பந்தக்காரரையே நேரில் போய்ப் பார்த்தேன். நாற்காலி வேலையை மட்டும் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தார். அவர் தந்த சான்றிதழை அடுத்த டெண்டரில் ஏற்றுக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் ஏற்கமாட்டார்கள், தகுதி விதியை முதலில் படித்துவிடுங்கள்.

இனி, இதேபோல் டெண்டர் தேடின இன்னும் இருவர் சொன்னது.

ஆய்வகக் கருவி விற்பவர்: எனக்குக் கண்ணில் பட்ட டெண்டரில் ஒரே ஒரு கம்பெனி மாடலின் பெயர் அப்படியே இருந்தது. "இது யாருக்கோ போட்டது, விடுப்பா" என்றார் கூட்டாளி. நான் விடவில்லை. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்துக்குள் வரும் டெண்டர் அது. அதன்படி, வேறு வழியில்லாமல் பிராண்ட் பெயர் போட்டாலும் "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்க்க வேண்டும். கேள்வி கேட்கும் கெடுவுக்குள் எழுத்தில் கேட்டேன். அடுத்த வாரமே திருத்தம் வந்தது. டெண்டர் கிடைக்கவில்லை, விலையில் போய்விட்டது. ஆனாலும் கேட்டது தப்பில்லை.

அச்சகம் நடத்துபவர்: திருத்தம் என்றதும் என் வயிற்றெரிச்சல் ஞாபகம் வருகிறது. டெண்டர் ஆவணத்தை முதல் நாளே இறக்கி, அச்செடுத்து, இருபது நாள் உட்கார்ந்து நிரப்பினேன். நடுவில் விலைப் படிவத்தையே மாற்றியிருக்கிறார்கள். நான் பழைய படிவத்தில் போட்டேன். உறையைப் பிரித்ததோடு சரி, விலையைப் படிக்கக்கூட இல்லை. இப்போதெல்லாம் சமர்ப்பிக்கிற அன்று காலையில் அறிவிப்புப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்க்காமல் கையெழுத்தே போடுவதில்லை.