மெர்ட்டனும் ஹாமரும்: அந்த 69 பிரதிகள்

ஒற்றுப்பிழை:
சாப்பாட்டு மேசைக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1959, கென்டக்கி, லெக்சிங்டனில் ஓவியரும் கைஅச்சாளருமான விக்டர் ஹாமர் வீடு. கெத்செமனி மடத்திலிருந்து துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்ட்டன் சாப்பிட வந்திருக்கிறார். அங்கே ஒரு மூன்று பலகை ஓவியம்: ஒரு பெண் இளம் கிறிஸ்துவுக்கு முடி சூட்டுகிறாள். யார் இவள் என்று துறவி கேட்கிறார். வரைந்தவரே கையை விரிக்கிறார். மாதாவும் குழந்தையுமாகத்தான் ஆரம்பித்ததாம், இப்போது யாரென்று அவருக்கே தெரியவில்லையாம். மெர்ட்டன் சட்டென்று, இவள் ஹாகியா சோஃபியா, தூய ஞானம் என்கிறார். ஹாமர் விளக்கம் கேட்டு எழுத, மே 14-ம் தேதியிட்ட பதில் வருகிறது. அதிலிருந்து கிளைத்த மெர்ட்டனின் உரைநடைக் கவிதை 'ஹாகியா சோஃபியா'வை ஹாமர் 1962 ஜனவரியில்தான் அச்சேற்றினார், அதுவும் 69 பிரதிதான். இரண்டரை வருஷத்துக்கு மேல்! நண்பரின் எழுத்தை இவ்வளவு நாளா கிடப்பில் போடுவது?

ஈயக்கேஸ்:
கிடப்பில் எங்கே போட்டார்? 1959-லேயே பாலைவனத் துறவிகளின் வாக்குகள், 1960-ல் தனிவாழ்வு பற்றிய சிறு நூல், இரண்டும் மெர்ட்டனுடையவை, இரண்டும் ஹாமரின் அதே கைஅச்சகத்தில், ஸ்டாம்பேரியா டெல் சாந்துச்சோவில்தான் அச்சாயின. அடுத்து, எழுத்து. ஹாமரின் அமெரிக்கன் அன்சியல் என்ற அச்செழுத்து கடையில் வாங்கியதல்ல. அவரே உருக்கில் வெட்டியது, 1943-ல் வந்தது. பஞ்ச், அதாவது முனையில் எழுத்து செதுக்கிய உருக்குத் துண்டு, வெட்டுவது இப்படி: முதலில் எழுத்தின் உள்வெளியைத் தனியாகக் குடைந்து, பிறகு வெளிக்கோட்டை அரத்தால் இழைக்க வேண்டும். நடுநடுவே முனையை மெழுகுவத்தித் தீயில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, தாளில் ஒற்றிப் பார்ப்பார்கள். அந்தக் கரும்புள்ளி அளவு எழுத்தில் ஒரு மயிரிழை தடித்திருந்தாலும் தெரிந்துவிடும். மறுபடி அரம். கூடுதலாக இழைத்துவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை, புது உருக்குத் துண்டுதான். எல்லாம் சரியானால் சூடேற்றி இறுக்கி, செம்பில் அடித்து அச்சு எடுத்து, அதில் ஈயம் வார்ப்பார்கள். அன்சியல் என்பது பழைய கையெழுத்துச் சுவடிகளின் உருண்டை எழுத்து. அந்தப் பழைய அன்சியலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவினையே கிடையாது. நம் தமிழ் போலத்தான். அதனால் பக்கம் ஒரே நெசவாகத் தெரியும். அதனாலேயே சொற்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினாலும் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று: கைஅச்சில் கேஸில், அதாவது ஈய எழுத்துகள் வைக்கும் தட்டில், இருக்கிற எழுத்து தீரும்வரைதான் கோக்க முடியும். இரண்டு, மூன்று பக்கம் கோத்து, அடித்து, பிரித்துக் கேஸில் போட்டு, அப்புறம்தான் அடுத்தது. பிரித்துப் போட்ட பக்கத்துக்குத் திருத்தம் அனுப்பிப் பயனில்லை.

ட்ரெடில்காரர்:
எழுத்தையே பேசுகிறீர்கள். கைஅச்சில் பாதி வேலை தாள்தான். யாராவது முயன்று பார்ப்பீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். கையால் செய்த தாளை ஈரமாக்கித்தான் அடிக்க வேண்டும். நாலைந்து காய்ந்த தாளுக்கு நடுவே ஒரு நனைத்த தாள் என்று அடுக்கி, மேலே பலகையும் கனமும் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. பளபளப்பு தெரிந்தால் ஈரம் அதிகம், மை பிடிக்காது. காய்ந்திருந்தால் எழுத்து தாளில் இறங்காது. அழுத்தம் கூட்டுவீர்கள், எழுத்தின் முகம் தேய்ந்துவிடும். பின்பக்கத்தை ஈரம் போவதற்குள் அடித்துவிடுங்கள். தாள் காய்ந்தால் சுருங்கும், முன்பக்க வரியின் முதுகில் பின்பக்க வரி உட்காராது. அதற்காக நாள்கணக்கில் ஈரமாகவே மூடிவைத்தால் பூஞ்சை. முதல் பத்து தாளைக் கணக்கில் வைக்காதீர்கள், அவை மையும் அழுத்தமும் சரிபார்க்கத்தான். 69 நல்ல பிரதி வேண்டுமென்றால் 80 தாளாவது நனையுங்கள்.

ஒற்றுப்பிழை:
ஐயா, தாள் நனைக்க யார் கேட்டது? ஆனால் அந்த 69 ஏனென்று இப்போதுதான் உறைத்தது. அது ஆடம்பரத்துக்காகக் குறைத்த எண் என்றே இருந்தேன்.

முன்னட்டை:
அதுவும் ஒரு காரணம்தான், மறுக்காதீர்கள். கைஅச்சில் 150 அடிப்பவர்களும் உண்டு. அச்சாளர் 1882-ல் பிறந்தவர், அந்த ஜனவரியில் 79 வயசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு தடவை அச்சு இயந்திரத்தின் கம்பியை இழுக்க வேண்டும். மெர்ட்டன் பக்கமும் தாமதம் இருந்திருக்கலாம். அவருடைய டிராப்பிஸ்ட் துறவற சபையின் தணிக்கையாளர்கள் பார்க்காமல் அவர் நூல் எதுவும் வெளியே போகாது. எனக்கு உறுத்துவது வேறு. கவிதை விடியல், காலை, முற்பகல், அந்தி என்று மடத்தின் ஜெப வேளைகளின்படி நாலாகப் பிரிகிறது. ஒரே நெசவாகத் தெரியும் பக்கத்தில் ஒரு வேளை முடிந்து மறுவேளை தொடங்குவதைக் காட்ட அச்சாளருக்கு வெற்றிடமும் தலைப்பும் முக்கியம். அந்த வெற்றிடம் எத்தனை வரி என்று பிரதியைப் பார்த்தவர்கள் ஒருவராவது எழுதியிருக்கலாம். எல்லாரும் மேசைக் கதையோடு எழுந்து போய்விடுகிறார்கள்.