உருமீள் உலோகமா, உருநினைவு உலோகமா?

அன்புடையீர், வணக்கம். சூடேற்றினால் பழைய உருவுக்குத் திரும்பும் உலோகக்கலவைக்கு (shape memory alloy) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் எழுதியிருந்தது:

> பாலம் செப்பனிடப் பயன்படும் இந்தக் கலவையை 'உருமீள் உலோகம்' என்றே சொல்லிவிடலாமே.

நறுக்கென்ற சொல்தான். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பாலத்தில் அந்தக் கலவையால் செய்த கம்பி பார்க்கும் வேலையை நினைத்தால் இடிக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் கான்கிரீட் உத்தரம் விரிசல் விட்டிருந்தது. அதைச் செப்பனிட்ட விதம் 2001இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இரும்பு, மாங்கனீசு, சிலிக்கான், குரோமியம் சேர்ந்த கம்பிகளை முன்கூட்டியே இழுத்து நீட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் உத்தரத்தோடு இறுக்கினார்கள். பிறகு 1000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ச்சி 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினார்கள். சூட்டில் அணுக்கள் பழைய படிக ஒழுங்குக்குத் திரும்ப, கம்பி பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கிறது. முனைகள் விடுவதில்லை. அந்தத் தவிப்பு முழுவதும் இழுப்பாகி விரிசலின் இரு கரைகளையும் நெருக்குகிறது. அங்கே விரிசலின் அகலம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

ஆக, கம்பியை மீள விடாமல் பிடித்துவைப்பதில்தான் வித்தையே இருக்கிறது. முனைகளைக் கட்டாமல் விட்டிருந்தால் கம்பி உரு மீண்டிருக்கும், விரிசல் அப்படியே கிடந்திருக்கும். இன்னொரு சிக்கல்: பாடநூல்களில் மீள்தன்மை, மீட்சி எல்லாம் ரப்பரும் சுருள்வில்லும் காட்டும் பண்புக்குப் பட்டா போட்டாகிவிட்டது. 'உருமீள்' என்றால் மாணவர் அங்கேதான் போவார்.

என் வாக்கு 'உருநினைவு உலோகக்கலவை'க்கு. உலோகத்துக்கு ஏது நினைவு என்று கேட்பீர்கள். ஊர் திரும்ப முடியாதவருக்கும் ஊர் நினைவு உண்டல்லவா?

கட்டுண்ட கம்பி கொடுக்கும் அந்த இழுப்புக்கும் பெயர் வேண்டும். 'நினைவிழுப்பு' எப்படி?

●

ஐயா,

உருநினைவு எனக்குச் சம்மதம். நினைவிழுப்பு வேண்டாம். இழுப்பு என்றாலே மூச்சிழுப்புதான் காதில் விழுகிறது. அதைவிடப் பெரிய குறை, இந்த அளவை மெகாபாஸ்கலில் சொல்கிறார்கள். விசையைப் பரப்பால் வகுத்த அளவு அது. இழுப்பு, இழுவிசை எதுவும் பொருந்தாது. அந்த அளவுக்குத் (stress) தகைவு என்ற சொல் கைவசம் இருக்கிறது: 'நினைவுத் தகைவு'.

தூண்டினால் தானே மாறிக் காட்டும் இத்தகைய பொருள்கள் (smart materials) அனைத்துக்கும் பொதுப்பெயராக 'சூட்டிகைப் பொருள்' என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதையும் ஏற்கலாமா?

●

அம்மா,

தகைவு சரி. விசையையும் தகைவையும் குழப்பியது என் பிழை. கான்கிரீட்டில் முன்கூட்டியே ஏற்றிவைக்கும் தகைவை (prestress) முன்தகைவு என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். நினைவுத் தகைவு அதன் பக்கத்தில் இயல்பாக உட்காரும்.

சூட்டிகையில் மட்டும் தயக்கம். இந்தக் கம்பி சூட்டில் வேலை செய்வதால் சிலேடை அழகாகத்தான் விழுகிறது. ஆனால் அழுத்தினால் மின்சாரம் தரும் படிகமும் அந்தக் குடும்பம்தான். அதற்குச் சூடு வேண்டியதில்லை. படிப்பவர் சூட்டை வைத்துப் பொருள் கொண்டுவிடுவார். தூண்டல், துலங்கல் என்று உயிரியலில் படித்தோமே, அதிலிருந்து 'துலங்கு பொருள்' என்று எடுக்கலாம். துலக்கிய பாத்திரம் மாதிரி ஒலிக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை நம் சொற்பட்டியலில் பொதுப்பெயருக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.